நான் பொடித்துக் கொடுத்த மாத்திரை

என் மனைவிக்கு மாத்திரை விழுங்க வராது. கல்யாணமாகி நாற்பத்திரண்டு வருஷமாகிறது. காய்ச்சல் மாத்திரையைக்கூட அவள் முழுதாக விழுங்கி நான் பார்த்ததில்லை. நாக்கின் மேல் வைத்துத் தண்ணீரை ஊற்றுவாள். தண்ணீர் உள்ளே போய்விடும், மாத்திரை அங்கேயே உட்கார்ந்திருக்கும். அதனால் எங்கள் வீட்டில் அவளுக்கு மாத்திரை என்றால் பொடிதான். பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுப்பது என் வேலை. அந்த வேலையைப் பெருமையோடு செய்தேன். அதனால் என்ன ஆயிற்று என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். அவள் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவள். மாடம்பாக்கத்தில் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. போன வருஷம் அவளுக்கு முட்டி வலி அதிகமாகி, எலும்பு டாக்டரிடம் போனோம். பத்து நாளைக்குப் போட ஒரு வலி மாத்திரை எழுதினார். அதோடு, வயிறு புண்ணாகாமல் இருக்க இன்னொரு மாத்திரை. நம் பக்கத்தில் எல்லாரும் 'கேஸ் மாத்திரை' என்று சொல்வார்களே, அமிலத்தைக் குறைக்கும் அந்த மாத்திரை. 'காலை, வெறும் வயிற்றில்' என்று சீட்டில் தெளிவாக இருந்தது.

வீட்டுக்கு வந்து சீட்டைப் படித்தேன். விடைத்தாளைப் படிக்கிற பழக்கம் போகவில்லை. வெறும் வயிற்றில் எதற்கு என்று தோன்றியது. சாப்பிட்ட பிறகுதானே அமிலம் சுரக்கிறது? அமிலம் இருக்கும்போது காரத்தைப் போட்டால்தானே நடுநிலையாகும்? இது எட்டாம் வகுப்புப் பாடம். 'வெறும் வயிற்றில்' என்பதை அடித்து, 'சாப்பிட்ட பின்' என்று எழுதினேன். சிவப்பு மையில்தான் எழுதினேன்.

அடுத்தது பொடிப்பது. திடப்பொருளைப் பொடியாக்கினால் பரப்பளவு கூடும், வினை வேகமாக நடக்கும். இதை எத்தனை வருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன்! ஆகவே இரண்டு மாத்திரைகளையும் பீங்கான் கல்வத்தில் போட்டு மாவாக அரைத்தேன். கேஸ் மாத்திரையின் மேலிருந்து மஞ்சளாக ஒரு தோல் உரிந்து வந்தது. அது அரைபடாமல் ஒட்டிக்கொண்டதால், அதைக் கத்தி முனையால் எடுத்து எறிந்தேன்.

வலி மாத்திரை அற்புதமாக வேலை செய்தது. இரண்டாம் வாரமே அவள் கோயில் பிராகாரத்தை மூன்று சுற்று சுற்றினாள். மாடிப்படி ஏறித் துணி காயப்போட்டாள். பத்து நாள் முடிந்ததும் நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தெருமுனைக் கடையில் பழைய அட்டையைக் காட்டினால் போதும், "அதேதானே சார்?" என்று எடுத்துக் கொடுத்துவிடுவார். பத்து நாள் ஏழு மாதமாயிற்று. கூடவே காப்பு மாத்திரை இருக்கிறதே என்ற தைரியம்.

நாலாவது மாதம் அவளுக்கு மேல்வயிறு எரிந்தது. வெள்ளை சிரப் வாங்கிக் கொடுத்தேன், அடங்கியது. ஐந்தாவது மாதம் அசதி, மூச்சு வாங்கல். ரத்தம் குறைவாக இருக்கும் என்று இரும்புச்சத்து டானிக் வாங்கினேன். ரத்தம் ஏன் குறைகிறது என்று யோசிக்கவில்லை. ஏழாவது மாதம் ஒரு நாள் காலை குளியலறையிலிருந்து வந்து, "கறுப்பா போகுதுங்க, தார் மாதிரி" என்றாள். எங்கள் தலைமுறைப் பெண் இதைக் கணவனிடம் சொல்வதே பெரிய விஷயம். நான் சிரித்துக்கொண்டே சொன்னேன்: "இரும்பு குடல்ல கந்தகத்தோட சேர்ந்தா கறுப்பாத்தான் ஆகும்." சமன்பாடுகூடச் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். இரைப்பைக்குள் கசிந்த ரத்தம் அமிலத்தில் கறுத்து வந்துகொண்டிருந்தது. அவள் எனக்கு அறிகுறியைக் கொண்டுவந்து காட்டினாள்; நான் அவளுக்குப் பாடம் நடத்தினேன்.

அதற்குப் பத்து நாள் கழித்துத் தாம்பரம் மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டிருக்கும்போது, முருங்கைக்காய்க் கட்டை நீட்டியபடியே அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். நெற்றியெல்லாம் வேர்வை. எங்களைக் கூட்டிவந்த, எங்கள் தெரு ஸ்டாண்டைச் சேர்ந்த ஆட்டோக்காரர் ஓடி வந்தார்.

"இன்னா சார், அம்மா மூஞ்சி வெளுத்துப் போய்க் கீது?"

"காலைல ஒண்ணும் சாப்பிடலப்பா. கேஸ் ஏறியிருக்கும். வீட்டுக்குப் போயிடலாம்."

"கேஸா? உதட்டப் பாரு சார், காயிதம் மாதிரி கீது. எங்க மாமியாருக்கும் கேஸு கேஸுன்னுதான் சொல்லிகினு இருந்தோம். நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் உடறேன்."

"வேண்டாம்ப்பா, ஒரு சிரப் கொடுத்தா…"

"சார், நீ பெரிய படிப்பு படிச்சவரு, இல்லேன்னு சொல்லல. கம்முனு ஏறு. அம்மாவப் புடிச்சுக்கோ."

அவர் என் பேச்சைக் கேட்டிருந்தால் நான் இதை எழுத வேண்டிய அவசியமே இருந்திருக்காது. வேறு ஏதாவது எழுத வேண்டியிருந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதித்தார்கள். இருக்க வேண்டியதில் பாதிதான் இருந்தது. படப்பையிலிருந்து மகன் வந்து சேர்வதற்குள் ரத்தம் ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்த்ததில், இரைப்பையில் ஒரு பெரிய புண், அதன் நடுவே கசியும் ரத்தக்குழாய். அதற்குக் கிளிப் போட்டு அடைத்தார்கள்.

வயிற்று டாக்டர் ஒரு பெண். என் மகன் வயதுதான் இருக்கும். வெளியே வந்து என்னிடம் கேட்டார்.

"வலி மாத்திரை எவ்வளவு நாளா?"

"ஏழு மாசம்."

"கூட ஆசிட் குறைக்கிற மாத்திரை?"

"உண்டு டாக்டர். தினமும். ஒரு நாள்கூட விடல."

அவர் முகம் மாறியது. "தினமும் அது போட்டும் இவ்வளவு பெரிய புண்ணுன்னா கொஞ்சம் யோசிக்கணும் சார். சில சமயம் வெறும் புண்ணா இல்லாம கட்டி புண்ணு மாதிரித் தெரியும். ரத்தம் கசியும்போது சோதனைக்குத் துண்டு எடுக்கல. எட்டு வாரம் மருந்து கொடுத்துட்டுத் திரும்பப் பார்ப்போம். ஆறியிருந்தா நல்லது. ஆறலைன்னா…" கிருமியால் வந்த புண்ணா என்றும் சோதித்தார்கள், கிருமி இல்லை. அது அவருடைய சந்தேகத்தை இன்னும் கூட்டியது.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். வலி மாத்திரை கண்டிப்பாகக் கூடாது. அமிலம் குறைக்கும் மாத்திரை இரண்டு வேளை. ஆஸ்பத்திரி மருந்துக் கவுன்டரில் இருந்த பெண் அட்டையைக் கவரில் போடும்போது, எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிச் சலித்த குரலில் சொன்னார்: "சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி. முழுசா விழுங்கணும். உடைக்கக் கூடாது, மெல்லக் கூடாது, பொடி பண்ணக் கூடாது."

"பொடி பண்ணா என்னம்மா?"

"வேஸ்ட் சார். இந்த மருந்து ஆசிட் பட்டா செத்துடும். அதுக்குத்தான் மேல கோட்டிங். வயித்தைத் தாண்டிக் குடலுக்குப் போய்த்தான் கரையணும்."

"ஆசிட்டுக்கான மருந்து, ஆசிட் பட்டாலே செத்துடுமா?"

"ஆமா சார். அது ஆசிட்டோட சண்டை போடற மருந்து இல்ல. ஆசிட் ஊத்துற குழாயை மூடற மருந்து. குடல்லருந்து ரத்தத்துக்குப் போயி, ரத்தம் வழியாத்தான் வயித்துக்கே வரும். அடுத்தவங்க நிக்கறாங்க, கொஞ்சம் தள்ளிக்கறீங்களா?"

நான் தள்ளிப் போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். கத்தி முனையால் சுரண்டி எறிந்த மஞ்சள் தோல் நினைவுக்கு வந்தது. அந்தத் தோல்தான் மருந்துக்குக் கவசம். அதை உரித்து, மருந்தை மாவாக்கி, சாப்பிட்ட வயிற்றின் அமிலக் குளத்தில் நானே தினமும் கொட்டியிருக்கிறேன். வலி மாத்திரை மட்டும் ஒரு குறையுமில்லாமல் தன் வேலையைச் செய்திருக்கிறது. ஏழு மாதம் அவள் காப்பு எதுவும் இல்லாமல் இருந்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து படித்தேன். முதலில் படித்திருக்க வேண்டியதைக் கடைசியில் படித்தேன். இரைப்பைச் சுவரில் உள்ள செல்களில் நுண்ணிய பம்புகள் இருக்கின்றன. அவைதான் அமிலத்தை உள்ளே இறைப்பவை. நாம் சாப்பிடும்போதுதான் அவற்றில் பெரும்பாலானவை விழித்துக்கொள்கின்றன. இந்த மருந்தால் விழித்திருக்கும் பம்பைத்தான் பூட்ட முடியும். ரத்தத்தில் அது தங்குவதோ ஓரிரு மணி நேரம். ஆகவே சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட்டால்தான், பம்புகள் விழிக்கும் நேரமும் மருந்து வந்துசேரும் நேரமும் ஒன்றாகும். ஒரு முறை பூட்டிய பம்ப் மறுபடி திறக்காது. செல் புதிதாக ஒன்றைச் செய்துகொள்ள வேண்டும். அதனால்தான் ஒரு வேளை மாத்திரை ஒரு நாள் முழுக்க வேலை செய்கிறது. ஆனால் முழுப் பலன் தெரிய மூன்று நாலு நாளாகிறது. நான் பாடம் நடத்திய அமிலம்–காரம் கதை அந்த வெள்ளை சிரப்புக்குத்தான் பொருந்தும். அது வயிற்றில் ஏற்கெனவே இருக்கும் அமிலத்தைச் சந்தித்து நடுநிலையாக்கும். நிமிஷங்களில் எரிச்சலை அடக்கும். சில மணி நேரத்தில் தீர்ந்துபோகும். எரிச்சலைத்தான் அது அடக்கும், புண்ணை ஆற்றாது. இரண்டுக்கும் நடுவே, அமிலம் சுரக்கச் சொல்லும் கட்டளையை மட்டும் தடுக்கும் மாத்திரைகளும் உண்டு. மூன்றையும் நான் 'கேஸ் மாத்திரை' என்ற ஒரே டப்பாவில் போட்டு வைத்திருந்தேன்.

இதற்குப் பிறகு நான் செய்ததுதான் சொல்லக் கூசுவது. டாக்டரின் பயம் என்னுடைய 'தினமும்' என்ற ஒரு சொல்லின் மேல் நின்றுகொண்டிருந்தது. காப்பு இருந்தும் வந்த புண் என்று அவர் நினைக்கிறார். காப்பே இல்லை என்று சொல்லிவிட்டால் அந்தக் கணக்கே வேறு. மகன் வேறு, கட்டி என்ற வார்த்தையைக் கேட்டதிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு போன் செய்தால் போதும். நாலு நாள் நான் செய்யவில்லை. வேதியியல் வாத்தியார் மாத்திரையைக் கொன்று கொடுத்தார் என்று ஒரு சின்னப் பெண்ணிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

அந்த நாலு நாளும் அவள் மாத்திரை விழுங்கப் பாடுபட்டாள். தலையை அண்ணாந்தால் தொண்டை இறுகும், வாய் நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு முகவாயைக் கீழே தாழ்த்தி விழுங்குங்கள் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லிக் கொடுத்திருந்தார். முதல் நாள் மூன்று முறை துப்பினாள். நாலாம் நாள் காலை ஒரே மடக்கில் உள்ளே போயிற்று. வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கி, குழந்தை போலக் காட்டினாள்.

"போயிடுச்சுங்க! இத்தனை வருஷம் உங்களைத் தேவையில்லாம அரைக்க விட்டேன் பாருங்க."

அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். சிவப்பு மை, மஞ்சள் தோல், கவுன்டர்ப் பெண் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். தார் மாதிரிப் போகிறது என்று அவள் சொன்னபோது நான் சிரித்ததையும் சொன்னேன்.

அவள் மாத்திரை அட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "அப்ப ஏழு மாசமா எனக்குக் கொடுத்தது வெறும் சுண்ணாம்புப் பொடியா?"

"கிட்டத்தட்ட."

"தேன் நல்லா இருந்துச்சு."

எனக்கு அழுகை வந்தது. அவள் அதைப் பார்க்காதவள் போலத் தம்ளரைக் கழுவி வைத்தாள்.

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

"நாலு நாளாவா? நான் செத்துப் போயிடுவேனோன்னு நானும் பையனும் நடுங்கிக்கிட்டிருக்கோம். நீங்க உங்க மரியாதையைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க. சட்டையைப் போடுங்க. நானும் வரேன்."

டாக்டர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"சார், நீங்க கெட்ட செய்தி சொல்ற மாதிரி சொல்றீங்க. இது நல்ல செய்தி. காப்பு இல்லாம ஏழு மாசம் அந்த வலி மாத்திரை போட்டா, அம்மா வயசுல இந்த மாதிரி புண்ணு வரத்தான் செய்யும். என் சந்தேகம் பாதி குறையுது. ஆனாலும் எட்டு வாரம் கழிச்சுப் பார்த்தே ஆகணும்." பிறகு என் மனைவியிடம், "விழுங்க வராதுன்னு முதல்லயே சொல்லியிருந்தா, தண்ணியில கரைச்சுக் குடிக்கிற பாக்கெட் எழுதியிருப்பாங்கம்மா. அப்படி ஒண்ணு இருக்கு."

"எங்க வீட்டு ஆராய்ச்சிக் கூடத்துல அதெல்லாம் ஒத்துக்க மாட்டாங்க டாக்டர்" என்றாள் இவள்.

டாக்டர் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்க ஏதாவது மாத்திரை போடறீங்களா சார்?"

"இதே மாத்திரைதான். முழுசாத்தான் விழுங்கறேன். பதினோரு வருஷமா."

"எதுக்கு?"

யோசித்துப் பார்த்தேன். ஒரு கல்யாண விருந்துக்குப் பிறகு ஆரம்பித்தது. யார் எழுதிக் கொடுத்தார்கள் என்பது நினைவில்லை. எவரும் எழுதிக் கொடுக்கவில்லை என்பதுதான் உண்மை. டாக்டர் சொன்னார்: "இது கெட்ட மாத்திரை இல்ல. புண்ணு ஆற இது வேணும். வயசானவங்க வலி மாத்திரையோ ரத்தம் உறையாம இருக்கற மாத்திரையோ போடணும்னா, காப்புக்குப் பல பேருக்கு இது வேணும். உணவுக்குழாய் புண்ணாகிற அளவுக்கு ஆசிட் ஏறுறவங்களுக்கு மாசக்கணக்குல, வருஷக்கணக்குலகூட வேணும். மத்தவங்களுக்குக் கொஞ்ச நாள் போட்டுட்டு நிறுத்தற மருந்து. காரணமில்லாம வருஷக்கணக்குல போட்டா சிலருக்கு பி-12, மெக்னீசியம் எல்லாம் குறையலாம். ஆனா ஒரே நாள்ல நிறுத்தாதீங்க. இவ்வளவு நாள் அடக்கி வச்ச வயிறு, விட்டதும் பழைய அளவைத் தாண்டி ஊத்தும். அதைப் பார்த்துப் பயந்து மறுபடி ஆரம்பிச்சிடுவீங்க."

வயிறு அவர் சொன்னபடியேதான் செய்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு இரண்டு நாள் விட்டு என்று குறைத்தேன். கடைசியில் நிறுத்திய முதல் இரண்டு வாரம் நெஞ்சில் அடுப்பு எரிந்தது. இடையில் வெள்ளை சிரப் குடித்தேன். இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்கே முடித்தேன். மூன்றாம் வாரம் ஒரு நாள், காலையிலிருந்து எரிச்சல் இல்லை என்பதை மத்தியானம்தான் கவனித்தேன். பதினோரு வருஷம் எனக்கு இருந்த நோய், மாத்திரையை விட்டால் வரும் எரிச்சல் மட்டுமே.

அந்த எட்டு வாரங்களில் அவளுக்கு மெல்ல மெல்ல நிறம் திரும்பியது. முதலில் உதடு, பிறகு நகக்கண். முட்டிக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்த பயிற்சியைக் கட்டிலில் படுத்தபடி காலை மாலை செய்தாள். மாத்திரை போட்டுவிட்டு அரை மணி காத்திருப்பதுதான் அவளுக்குப் பெரிய தண்டனை. காபி மணம் வந்துகொண்டிருக்கும். அவள் கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறி முறைப்பாள்.

பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் நடக்கும்போது என்னிடம் மாத்திரை கேட்கும் கூட்டம் ஒன்று உண்டு. அதில் ரயில்வேயில் ஓய்வு பெற்ற நண்பர் ஒரு நாள், "சார், நேத்து பரோட்டா. நெஞ்சு கபகபங்குது. உங்க மாத்திரை ஒண்ணு கொடுங்களேன்" என்றார்.

"எத்தனை நாளா இப்படி?"

"இது என்ன சார் புதுசா கேள்வியெல்லாம்? எடுத்துக் கொடுத்துடுவீங்களே!"

"கையில, தோள்ல வலி பரவுதா? வேர்க்குதா? அப்படின்னா அது வயிறு இல்ல, இப்பவே ஆஸ்பத்திரி. சாப்பாடு இறங்கறதுல சிரமமா, எடை குறையுதா, கறுப்பா போகுதா?"

"பரோட்டா சாப்பிட்டேன்னு சொன்னதுக்கு என்னைப் பாடையிலயே ஏத்திட்டீங்களே!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் பதில் வாங்காமல் அவரை விடவில்லை. ஒரு நாள் பரோட்டாவுக்கு வெள்ளை சிரப் போதும், வாரக்கணக்கில் இருந்தால் டாக்டரைப் பாருங்கள் என்று சொன்னேன். மாத்திரை கொடுக்கவில்லை.

எட்டாவது வாரம் திரும்பப் போனோம். அவளை உள்ளே கூட்டிப் போனபோது மகன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவனிடமும் எல்லாம் சொல்லியிருந்தேன். ஒரு வாரம் என்னோடு பேசாமல் இருந்துவிட்டு வந்திருந்தான். இருபது நிமிஷம் இருக்கும். டாக்டரே கதவைத் திறந்து என்னை உள்ளே கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். இளஞ்சிவப்பான சுவர், அதில் புண் இருந்த இடத்தில் வெளிறிய ஒரு சின்ன வடு, சுற்றிலும் மடிப்புகள் அதை நோக்கிக் குவிந்திருந்தன. "நல்லா ஆறிடுச்சு சார். எதுக்கும் துண்டு எடுத்து அனுப்பறேன்" என்றார். அந்த வடுவை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். நான் செய்ததை அந்த உடம்பு எட்டு வாரத்தில் சரி செய்துகொண்டிருக்கிறது. சரியான மருந்தைச் சரியாகக் கொடுத்ததும் அது தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டது.

துண்டின் முடிவு பத்து நாளில் வந்தது. கெட்டது ஒன்றும் இல்லை. வலி மாத்திரை இனி இல்லை என்பதால் அமில மாத்திரையும் போதும், நிறுத்திவிடலாம் என்று டாக்டர் போனில் சொன்னார். என் மனைவி சமையலறையில் இருந்தாள். போய்ச் சொன்னேன். அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு, "டாக்டர் என்ன சொன்னாங்களோ அதை அப்படியே சொல்லுங்க. நீங்க எதையும் மாத்தாதீங்க" என்றாள். வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன். இரண்டாம் முறை சொல்லச் சொன்னாள். அதையும் சொன்னேன். அப்போதுதான் நம்பினாள்.

மறுநாள் காலை எழுந்ததும், பல் தேய்த்த கையோடு, கடிகாரத்தின் பக்கம் திரும்பாமலே ஒரு தம்ளர் காபியை ஊற்றிக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்தாள்.